அடுப்படியில் செருப்பு

எனக்கு எண்பத்திரண்டு வயது. ஐந்து பேரை வளர்த்து ஆளாக்கினேன். இரண்டு பேர் வியாதிக்கு முன்னால் பிறந்தவர்கள், மூன்று பேர் அது தீர்ந்த பிறகு பிறந்தவர்கள். என் வலது காலில் ஐந்து விரலும் இருக்கிறது. இதைப் பெருமைக்குத்தான் சொல்கிறேன். பெருமைப்பட வேண்டிய விஷயம்தான்.

போன வாரம் பேத்தியின் சிநேகிதி ஒருத்தி, மும்பைப் பக்கம் வாஷியில் நாங்கள் இருக்கும் இந்த வீட்டுக்கு வந்தாள். தன் செருப்பை வாசலில் வைத்துவிட்டு உள்ளே வந்தவள், நான் செருப்புக் காலோடு அடுப்பின் முன்னால் நின்று தோசை வார்ப்பதைப் பார்த்தாள். பேத்தியிடம் மெதுவாக என்னவோ கேட்டாள். பேத்தி இந்தியில் பதில் சொன்னாள்: பாட்டிக்கு வாதம், ரொம்ப வருஷமாக அப்படித்தான்.

வாதம் என்பது என் அத்தை சொன்ன பொய். அதைச் சொல்லி அறுபது வருஷம் ஆகப் போகிறது. அந்தப் பொய்க்குள் நான் நன்றாகவே வாழ்ந்துவிட்டேன். ஆனால் அன்றைக்கு அது பிள்ளை வாயில் அத்தனை சாதாரணமாக வந்ததைக் கேட்டபோது, யார் யாருக்காகச் சொன்னது என்று இந்த வீட்டில் ஒருவருக்கும் தெரியாதே என்று இருந்தது. அத்தை இல்லை, வீட்டுக்காரரும் இல்லை. தெரிந்தவள் நான் ஒருத்திதான் மிச்சம். அதனால் எழுதுகிறேன். மூன்றாம் வகுப்போடு நின்றவள் நான். எழுத்து பெரிதாக இருக்கும், வரி சாயும். அவசரம் ஒன்றும் இல்லை.

அறுபதுகளின் தொடக்கத்தில், திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து கல்யாணமாகிப் பம்பாய்த் தாராவிக்கு வந்தேன். மாமியார் எனக்கு அந்நியம் இல்லை. என் அப்பாவோடு பிறந்த அத்தை. வீட்டுக்காரருக்குத் தோல் கம்பெனியில் வேலை. வந்து இறங்கும் தோல்களில் உப்பைச் சுரண்டி எடுத்துத் தொட்டியில் ஊறப்போட வேண்டும். சாயங்காலம் வந்தால் வாசலிலேயே குளித்து, வேட்டி மாற்றித்தான் வீட்டுக்குள் கால் வைப்பார். அத்தை போட்ட சட்டம் அது. வீடு என்பது ஒரே அறை. ஒரு மூலையில் கரி அடுப்பு, அதற்கு மேலே பலகையில் சாமி படம், மற்ற இடத்தில் நாங்கள். அடுப்படி எங்கே முடிகிறது, படுக்கிற இடம் எங்கே தொடங்குகிறது என்று கோடு ஒன்றும் கிடையாது. அத்தை விடியலில் இட்லி அவித்து வாசலில் உட்கார்ந்து விற்பார். எங்கள் சந்தில் பாதிப் பேர் வேலைக்குப் போவதே அந்த இட்லியைத் தின்றுவிட்டுத்தான்.

இரண்டாவது பிள்ளைக்குப் பால் மறக்கடித்த சமயம். அடுப்பை விசிறிக்கொண்டிருந்தபோது ஒரு கங்கு தெறித்து என் வலது கால் மேல் விழுந்து கிடந்தது. எனக்குத் தெரியவில்லை. மாவு கரைத்துக்கொண்டிருந்த அத்தை மூக்கை உறிஞ்சினார்.

"ஏட்டி, என்னமோ கருகுத வாட வருதே, பாரு."

நான் அடுப்பைப் பார்த்தேன், சட்டியைப் பார்த்தேன். கருகியது நான்.

அதற்கு முன்பே அந்தக் காலில் ஒரு வெளுத்த படை இருந்தது. அடிப்பாதத்தில் ஒரு புண்ணும் ஆறாமல் இருந்தது. வலிக்காததால் நான் பெரிதாக நினைக்கவில்லை. வீட்டுக்காரர் தாராவியை ஒட்டிய சயான் பக்கம் ஒரு தகரக் கூரை கிளினிக்குக்குக் கூட்டிப் போனார். டாக்டர் படையை இறகால் தடவினார், ஊசியால் குத்தினார். இந்தியில் ஒரு வார்த்தை சொன்னார். எங்களுக்குப் புரியவில்லை. பெஞ்சில் இருந்த, தாராவி லேபர் கேம்ப் பகுதித் தமிழர் ஒருவர் தலையைக் குனிந்துகொண்டு சொன்னார்: "பெருவியாதிங்காரு." இப்போது தொழுநோய் என்று சுவரில் எழுதிப் போடுகிறார்கள். அப்போது எங்களுக்கு அந்த ஒரு பெயர்தான்.

டாக்டர் இன்னொன்றும் சொன்னார். மாத்திரை தின்றால் வியாதி நிற்கும். ஆனால் காலில் உணர்ச்சி திரும்பாது. புண் எலும்புக்குள் இறங்கிவிட்டால் பாதத்தை எடுக்க வேண்டியிருக்கும். பாதம் எடுத்தவர்களை ஊருக்கு வெளியே ஒரு இல்லத்தில் வைத்துக்கொள்வார்கள், அங்கே பிள்ளைகளுக்கு இடம் கிடையாது. என் இடுப்பில் இருந்த மகள் அந்த நேரம் அவர் மேஜையில் இருந்த மணியைத் தட்டிக்கொண்டிருந்தாள்.

திரும்பி வரும்போது வீட்டுக்காரர் எனக்கு முன்னால் நடந்தார். எப்போதும் முன்னால்தான் நடப்பார். அன்றைக்கு இடைவெளி அதிகம். அவர் கெட்டவர் இல்லை. கால் அப்படிப் போயிற்று.

வீட்டில் யாரும் என்னை ஏசவில்லை. எனக்கென்று ஒரு அலுமினியத் தட்டு வந்தது. மாறிவிடாமல் இருக்க அத்தை அதன் விளிம்பில் ஒரு வெட்டு வெட்டியிருந்தார். ஒரு தம்ளர், ஒரு பாய். பாய் தண்ணீர் டிரம்முக்குப் பக்கத்தில். சின்னவள் அத்தையிடம் படுக்கப் போனாள். முதலில் என்னைத் தேடி அழுதாள். பிறகு அத்தையின் சேலையைப் பிடித்துக்கொண்டு தூங்கப் பழகிவிட்டாள். எனக்கு அவள் அழுதபோது இருந்ததைவிட, பழகிய பிறகு இருந்ததுதான் கஷ்டம். டிரம்முக்குப் பக்கத்தில் படுத்துக்கொண்டு அவள் முதுகைப் பார்ப்பேன்.

இட்லி மாவை நான் தொடக்கூடாது. ஆட்டுக்கல் பக்கம் போகக்கூடாது. கரி அள்ளி அடுப்பை விசிறுவது மட்டும்தான் எனக்கு மிச்சம். சந்தில் இது தெரிந்தால் இட்லி மட்டும் இல்லை, நாங்களே அங்கே இருக்க முடியாது. கால் ஆணி என்று சொல்லி வைத்தோம். மருமகள் இருக்கும்போது மாமியார் ஏன் மாவு ஆட்டுகிறாள் என்று கேட்டவர்களிடம் அத்தை ஒன்று சொன்னார்: "அவ கையில சுத்தம் காணாது. நான் அரைச்சாத்தான் எனக்கு மனசு ஆறும்." சந்து நம்பிவிட்டது. அத்தையை ராட்சசி என்றார்கள், என்னைச் சோம்பேறி என்றார்கள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து என் கைச் சுத்தத்தைப் பற்றி ஒருவர் வாய் திறந்ததில்லை. வியாதியைவிட அந்தச் சொல் என்னை அதிகமாக அறுத்தது.

கிளினிக்கில் வாரம் ஒரு தடவை கட்டு மாற்ற வேண்டும். அங்கே ஒரு நர்ஸம்மா இருந்தார். மராட்டிக்காரர், என் அம்மா வயது இருக்கும். வெள்ளைச் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, கான்வாஸ் ஷூ போட்டுக்கொண்டு நிற்பார். தாராவிப் பிள்ளைகளோடு பேசிப் பேசித் தமிழ் கற்றுக்கொண்டவர். அதனால் அவருக்கு மரியாதை வார்த்தையே தெரியாது. எல்லோருக்கும் நீ, வா, போதான். அந்த பெஞ்சில் மராட்டிக்காரர்கள், தெலுங்குக்காரர்கள், ஜரிகை வேலை செய்யும் உத்தரப்பிரதேசத்து முஸ்லிம்கள், எங்கள் ஆட்கள் எல்லோரும் உட்கார்ந்திருப்போம். முஸ்லிம் பெண்களுக்கு ஒரு படுக்கை விரிப்பைக் கயிற்றில் தொங்கவிட்டு மறைவு கட்டித் தருவார். புதிதாக யார் வந்தாலும் முதலில் அவர் கேட்பது வலிக்கிறதா என்று இல்லை. "உன் தெருவுல யாருக்குத் தெரியக் கூடாது?" என்பார். என்னிடமும் கேட்டார். "எல்லாருக்கும்" என்றேன். தலையை ஆட்டிக்கொண்டார்.

அப்புறம் ஒரு தகரப் பேசினில் தண்ணீர் ஊற்றிக்கொண்டு என் முன்னால் தரையில் உட்கார்ந்தார்.

"கால் குடு."

நான் காலை இழுத்துச் சேலைக்குள் வைத்துக்கொண்டேன்.

"ஏன்?"

"நீங்க பெரியவுக. என் காலத் தொடப்படாது. பாவம் எனக்குல்லா வரும்."

லேபர் கேம்ப்காரர் அதை இந்தியில் எடுத்துச் சொன்னார். நர்ஸம்மா யோசித்தார். சிரிக்கவும் இல்லை, அதட்டவும் இல்லை.

"எங்க வீட்டுலயும் அப்படித்தான். என் மருமக என் கால்ல விழும். நான் அவ காலைத் தொட்டா அவ ஓடிரும்." எழுந்து நின்றார். "சரி. முதல்ல நீ உன்னோடது முடி. அப்புறம் நான் என் வேலை."

அவர் காலைத் தொட எனக்குக் கை வரவில்லை. வியாதிக்காரி கை. அவர் முன்னால் தரையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். அது முடியும் வரை நின்றார். முடிந்ததும் உட்கார்ந்து என் காலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். அன்றிலிருந்து ஒவ்வொரு வாரமும் அப்படித்தான். ஒரு தடவை சின்ன டாக்டர் ஒருவர் சீக்கிரம், சீக்கிரம் என்று பறந்தார். "இரு, இங்க பூஜை நடக்குது" என்று நர்ஸம்மா இந்தியில் சொன்னார். பெஞ்சே சிரித்தது. நானும் சிரித்தேன்.

அந்த நாட்களில் வேறு யாரும் என் உடம்பில் கை வைத்தது கிடையாது. பிள்ளைகளும் கிடையாது. தொட்டவர் அவர் ஒருவர்தான். அதுவும் அந்தக் காலில் உணர்ச்சி இல்லை. அவர் தொடுவது எனக்குக் கண்ணால் பார்த்துத்தான் தெரிந்தது. அதனால் கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருப்பேன்.

கட்டோடு ஒரு ஜோடிச் செருப்பும் கொடுத்தார்கள். அடியில் மெத்தென்ற கறுப்பு ரப்பர், பின்னங்காலைச் சுற்றி ஒரு தோல் வார். காலில் செருப்பு இருக்கிறதா, கழன்றுவிட்டதா என்று எங்களுக்குத் தெரியாதே, அதற்காக வார். வெறுங்காலோடு ஒரு அடி வைக்கக்கூடாது, வீட்டுக்குள்ளும் கூடாது என்று சொல்லி அனுப்பினார்கள். சரி சரி என்று வாங்கி வந்தேன். அந்தக் கறுப்புச் செருப்பைத் தாராவியில் பார்த்த மாத்திரத்தில் வியாதிச் செருப்பு என்று தெரிந்துகொள்வார்கள். சந்து முனை தாண்டிய பிறகு போட்டுக்கொள்வேன், திரும்பும்போது அதே இடத்தில் கழற்றி, சாக்குப் பையில் சுற்றிக் கூரை இறவாணத்தில் செருகி வைப்பேன்.

புண் ஆறவில்லை. ஆறுகிற மாதிரி விளிம்பு வெளுக்கும், அடுத்த வாரம் சிவந்து திறந்துகொள்ளும். ஒரு நாள் நர்ஸம்மா என் செருப்பைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தார். அடி ரப்பர் புதுசாக இருந்தது.

"இந்தச் சப்பலுக்கு என் கிளினிக் வழி மட்டும்தான் தெரியும். வேற எங்கயும் போகல. நான் உன் வீட்டுக்கு வரேன்."

எனக்கு உயிர் போய்விட்டது. இந்த கிளினிக் நர்ஸ் சந்துக்குள் வந்தால் முடிந்தது. அவர் என் முகத்தைப் பார்த்தார். "பயப்படாத. எனக்கு வரத் தெரியும்."

வந்தார். குழந்தைகளுக்கு அம்மைப்பால் குத்துகிற பெட்டியோடு வந்தார். சந்து முனையிலேயே நின்று சத்தம் போட்டார்: "சின்னப் பிள்ளை யார் வீட்டுல? கை காட்டு, கை காட்டு." முதல் வீட்டில் ஒரு பிள்ளையின் கையைப் பார்த்தார். அடுத்த வீட்டில் அழுகிற பிள்ளைக்கு வாயை ஊதிக் காட்டினார். அதற்குப் பிறகுதான் எங்கள் வாசல். சந்து அவரை ஊசிக்காரி என்று எடுத்துக்கொண்டது. ஷூவின் கயிற்றை அவிழ்த்து, ஷூவை ஓரமாக வைத்துவிட்டு உள்ளே வந்தார். வந்ததும் குரல் இறங்கிவிட்டது.

நான் அடுப்பு முன்னால் வெறுங்காலோடு நின்றிருந்தேன்.

"சப்பல் எங்க?"

இறவாணத்தைக் காட்டினேன். "மழையில நனஞ்சிரும்லா."

"சப்பல் நனையாது. கால் போகும்."

அத்தை இட்லித் துணியைப் பிழிந்துகொண்டிருந்தவர் நிமிர்ந்தார். "ஏம்மா, இது சாமி இருக்க எடம். அரிசி இருக்க எடம். எம் மவன் நாள் முச்சூடும் தோலுல கெடந்துட்டு வாரான். அவனே வாசல்ல குளிச்சிட்டுத்தான் உள்ள காலு வைக்கான். இவ தோல் வார மாட்டிக்கிட்டு அடுப்படியில நிக்கணுமோ?"

"ஏ கிழவி, கால் வெட்டினா?"

"கிழவியாம்" என்று அத்தை என்னைப் பார்த்தார். பிறகு நர்ஸம்மாவிடம் திரும்பினார். "சரி, கிழவிதான். நீ பெரிய நர்ஸு. நீ என்னத்துக்கு ஒன் செருப்ப வாசல்ல கழத்திப் போட்டுட்டு வந்த?"

நர்ஸம்மா குனிந்து தன் காலைப் பார்த்தார். அவரும் வெறுங்காலோடு நின்றிருந்தார். கழற்றியதே அவருக்கு ஞாபகம் இல்லை போல. வாயைப் பொத்திக்கொண்டு, குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்.

"அது பழக்கம்" என்றார்.

"எங்களுக்கும் அதாம்மா" என்றார் அத்தை.

நர்ஸம்மா தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். அத்தையும் எதிரில் உட்கார்ந்தார். பேரம் பேசுகிற மாதிரி இருந்தது.

"தோல் வரக் கூடாது. ரப்பர் வரலாமா?"

"தெருவ மிதிச்ச எதுவும் வரப்படாது."

"தெருவை மிதிக்காதது?"

அத்தை கையை விரித்தார். "தெருவ மிதிக்காத செருப்பு எந்த ஊர்ல இருக்கு?"

"இருக்கும்" என்றார் நர்ஸம்மா. என்னிடம் பழைய சேலை ஒன்று கேட்டார். என் பச்சைச் சுங்குடி கிழிந்திருந்தது, கொடுத்தேன். அதைப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டு, சத்தமாக, "குழந்தைக்கு ஜுரம் வந்தா பயப்படாத" என்று வாசலில் சொல்லிவிட்டுப் போனார்.

கொஞ்ச நாளில் கிளினிக்கில் எனக்கு ஒரு காகிதப் பொட்டலம் கொடுத்தார். "வழியில பிரிக்காத. வீட்டுக்குள்ள போய்ப் பிரி." உள்ளே அதே மெத்தென்ற ரப்பர். ஆனால் தோல் ஒரு இணுக்குக் கிடையாது. என் பச்சைச் சேலையை மடித்துத் தைத்த வார். பின்வாரும் அதே துணி. பார்த்தால் அந்த வியாதிச் செருப்பு என்று யாருக்கும் தெரியாது. அத்தை அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மஞ்சள் தண்ணீர் தெளித்தார். "வாசலத் தாண்டினா அதோட சரி, திரும்ப உள்ள வரப்படாது" என்றார். போட்டுக்கொண்டேன். என் சேலையையே நான் மிதித்து நிற்கிற மாதிரி இருந்தது.

அதோடு முடிந்தது என்றுதான் நர்ஸம்மா நினைத்திருப்பார். நானும் நினைத்தேன். எங்கள் சந்தில் பகலில் யாரும் கதவைச் சாத்துவதில்லை. சாத்தினால் உள்ளே என்ன என்று நாலு பேர் வந்து தட்டுவார்கள். இட்லி வாங்க வந்த எதிர்வீட்டு மைனி எட்டிப் பார்த்தாள். மதினி முறை, நாங்கள் ஒருத்தியை ஒருத்தி அப்படித்தான் கூப்பிடுவோம்.

"என்ன மைனி, அடுப்படியில செருப்போட நிக்க? தொரசாணி ஆயிட்டியோ?"

அவள் பின்னால் நின்ற இன்னொருத்தி சொன்னாள்: "மாமியாக்காரி கை சுத்தமில்லன்னா. காலும் அப்படித்தான் போலுக்கு."

சிரித்தார்கள். சிரிப்பு முடிந்த பிறகு எதிர்வீட்டு மைனி சிரிக்காமல் கேட்டாள். "கால் ஆணின்னா வெளிய போறப்பல்லா செருப்பு போடணும். ஒனக்கு உள்ள என்னத்துக்கு?"

நான் செருப்பைக் கழற்றி அரிசி டின்னுக்குப் பின்னால் வைத்துவிட்டேன். அத்தையும் என்னைப் போட்டுக்கொள் என்று சொல்லவில்லை. சாமிக்காகப் போடாமல் இருந்தவள் இப்போது சந்துக்காகப் போடாமல் இருந்தேன்.

மழை பிடித்துக்கொண்டது. தரை எந்நேரமும் ஈரம். புண் ஆழமாயிற்று. டாக்டர் ஒரு கம்பியை உள்ளே விட்டுப் பார்த்தார். எலும்பில் தட்டுகிறதா என்று பார்ப்பது அது. எனக்கு வலிக்கவில்லை. அவர் முகத்தைத்தான் பார்த்தேன். இன்னும் தட்டவில்லை, ஆனால் கிட்டத்தில் இருக்கிறது, இந்த மழை முடிவதற்குள் மூடவில்லை என்றால் பாதத்தை எடுத்துவிடலாம் என்றார். வழியெல்லாம் சின்னவள் வளர்ந்த பிறகு என்னை அடையாளம் தெரியுமா என்பது மட்டும்தான் மனதில் ஓடியது. நான் அழவில்லை. நான் ரோட்டில் அழுகிறவள் இல்லை.

நர்ஸம்மா மறுபடியும் பெட்டியோடு வந்தார். மழையில் நனைந்து வந்தார். அரிசி டின்னுக்குப் பின்னால் இருந்த செருப்பை அவரே எடுத்துப் பார்த்தார். என்னைத் திட்டுவார் என்று நின்றேன். அவர் என் பக்கம் திரும்பவே இல்லை. அத்தையின் முன்னால் உட்கார்ந்து, "கிழவி, உன் முட்டி காட்டு" என்றார். அத்தைக்கு முழங்கால் இரண்டும் வீங்கித்தான் இருக்கும். நர்ஸம்மா அதைப் பிடித்துப் பார்த்துக்கொண்டே என்னிடம், "நீ போ, எனக்கு சாய்க்குப் பால் வாங்கிட்டு வா" என்றார். அவர் எங்கள் வீட்டில் அதுவரை ஒன்றும் கேட்டதில்லை.

நான் செம்போடு போய்ப் பால் வாங்கி வந்தபோது இருவரும் பேச்சை நிறுத்திவிட்டார்கள். அத்தையின் கண் சிவந்திருந்தது. கரிப் புகையாகவும் இருக்கலாம். என்ன பேசினார்கள் என்று நான் அன்றைக்கும் கேட்கவில்லை, பிறகும் கேட்கவில்லை. நர்ஸம்மா சாயைக் குடித்துவிட்டுப் போனார்.

அன்று சாயங்காலம் வீட்டுக்காரர் குளித்துவிட்டு உள்ளே வந்ததும் அத்தை தன் பழைய சேலை ஒன்றை அவர் கையில் கொடுத்தார். "அந்த நர்ஸு இதக் கேட்டா. கொண்டு போய்க் குடு." அவர் என்னைப் பார்த்தார். எனக்கும் தெரியாது.

அடுத்த வாரம் ஒரு விடியலில் சரட் சரட் என்று சத்தம் கேட்டு விழித்தேன். அத்தை அடுப்படியில் நடந்துகொண்டிருந்தார். காலில் செருப்பு. அவருடைய அரக்குச் சேலையில் வார் தைத்தது. பிறந்ததிலிருந்து செருப்பே போடாத கால். விரலைக் குறுக்கிக்கொண்டு, ஒவ்வொரு அடியையும் தேய்த்துத் தேய்த்து நடந்தார். சாமி பலகைக்கு நேராக வரும்போது மட்டும் ஒரு கணம் நின்று, கன்னத்தில் போட்டுக்கொண்டு, அப்புறம் அடுப்புக்குப் போனார்.

"ஒன்னதையும் மாட்டு" என்றார், திரும்பிப் பார்க்காமல். "இன்னும் என்னத்தப் பாத்துக்கிட்டு கெடக்க?"

வெயில் வந்ததும் எதிர்வீட்டு மைனி வந்தாள். கிண்ணத்தை நீட்டிக்கொண்டே உள்ளே பார்த்தாள். என் காலைப் பார்த்தாள், அத்தையின் காலைப் பார்த்தாள்.

"என்ன பெரியம்ம, நீங்களுமா?"

"எனக்கு முட்டு வாதம்ட்டி. பம்பாய்த் தர ஈரம் எலும்புல ஏறுதுன்னு அந்த ஊசிக்காரி சொல்லிட்டா. எங்க வம்சத்துக்கே வாதம். எங்கப்பனுக்கு இருந்துச்சி, எங்கண்ணனுக்கு இருக்கு. இவ அவன் மவதான? இவளுக்கும் வந்துருக்கூடாதுன்னு போடச் சொன்னேன். ஆணின்னு சொன்னதெல்லாம் வாதக் கால்தான்."

"சாமி இருக்கே, பெரியம்ம."

"சாமி அது பாட்டுக்கு இருக்கு. ஒனக்கு எத்தன இட்லி?"

மைனி இட்லியை வாங்கிக்கொண்டு போனாள். கொஞ்ச நாள் எங்கள் வீட்டை மேம்சாப் வீடு என்றார்கள். அத்தை காதில் வாங்கவில்லை. அடுத்த வருஷ மழைக்கு எதிர்வீட்டு மைனியே ஒரு ரப்பர் செருப்பைப் போட்டுக்கொண்டு அடுப்படியில் நின்றாள். அவளுக்கும் வாதமாம்.

எங்கள் வம்சத்துக்கே வாதம் என்று அத்தை சொன்னபோது நான் விசிறியைக் கீழே வைத்துவிட்டேன். என்னைத் தன் இரத்தம் என்று சந்துக்குக் கேட்கும்படி சொல்கிறார் என்று இருந்தது. அன்றைக்கு மத்தியானம் சாப்பாடு போடும்போது என் தட்டு வந்தது. விளிம்பில் வெட்டு உள்ள தட்டு. அதில் சோற்றைத் தூக்கித்தான் போட்டார், கரண்டி தட்டில் படாமல்.

அந்த வருஷம் மழை ஓய்கிற சமயம் புண் சுருங்கியது. விளிம்பிலிருந்து தோல் உள்ளே வந்தது. ஒரு நாள் நர்ஸம்மா கட்டைப் பிரித்து, விரலால் அழுத்தி, மறுபடியும் அழுத்திப் பார்த்தார். "மூடிருச்சு" என்றார். டாக்டரைக் கூப்பிட்டுக் காட்டினார். டாக்டர் என் காலை விட்டுவிட்டு என் செருப்பைத்தான் பார்த்தார். வீட்டுச் செருப்பு வாசல் தாண்டாது, அன்றைக்குக் காலில் இருந்தது பழைய கிளினிக் செருப்பு. ஆனாலும் பார்த்தார்.

அத்தையிடம் போய்ச் சொன்னேன். "சரி" என்றார். ஆட்டுக்கல்லைக் கழுவிக்கொண்டிருந்தார். இனி வியாதி யாருக்கும் ஒட்டாது என்று டாக்டர் சொன்னதையும் சொன்னேன். அதற்கும் சரி என்றார். தட்டு மாறவில்லை. சின்னவளை என் பாயில் படுக்கச் சொன்னேன். அவள் வரவில்லை. அத்தை அனுப்பாமல் இல்லை, போடி என்றுதான் சொன்னார். பிள்ளைக்கு என் பக்கம் தூக்கம் வரவில்லை.

பாகிஸ்தானோடு சண்டை வந்து ஜன்னலில் கறுப்புத் தாள் ஒட்டச் சொன்னார்களே, அந்தச் சமயத்தில் நர்ஸம்மாவை வேறு இடத்துக்கு மாற்றிவிட்டார்கள். எங்கே என்று எனக்குச் சொன்னவர் இல்லை. ஒரு வாரம் போனேன், பேசினுக்குப் பின்னால் ஒரு சின்னப் பெண் உட்கார்ந்திருந்தாள். என்னைவிடச் சின்னவள். காலைத் தொட்டு வணங்க வேண்டிய அவசியம் இல்லாதவள். அவள் முன்னால் தரையைத் தொடக் குனிந்தேன், அப்புறம்தான் ஞாபகம் வந்தது. என்ன தொலைத்துவிட்டாய் என்று அவள் கேட்டாள். ஒன்றும் இல்லை என்றேன்.

அதற்குச் சில வருஷம் கழித்து அத்தை ஊருக்கே போய்விட்டார். முழங்கால் நிஜமாகவே விட்டுப்போயிற்று. கடைசி நாள் வரைக்கும் அவர் என் தம்ளரில் தண்ணீர் குடித்ததில்லை, என் தலையைத் தொட்டதில்லை. கடைசி நாள் வரைக்கும் அடுப்படியில் அந்தச் செருப்பைக் கழற்றியதும் இல்லை. இரண்டையும் செய்தது ஒரே மனுஷிதான். இத்தனை வருஷம் யோசித்துப் பார்த்துவிட்டேன், ஒன்றைக் கழித்து இன்னொன்றை மட்டும் வைத்துக்கொள்ள என்னால் முடியவில்லை. ஊருக்குப் போன அன்று செருப்பை அடுப்புப் பக்கத்தில் விட்டுவிட்டு வெறுங்காலோடு வாசல் தாண்டினார். நான் அவர் கரண்டியைக் கையில் எடுத்தேன். வெட்டுத் தட்டில் நானே சோறு போட்டுக்கொண்டேன். பழகிவிட்டது. இன்றைக்கும் அதில்தான் சாப்பிடுகிறேன். இந்த வீட்டில் அது பாட்டியின் பிடிவாதம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

பேத்தி, உனக்குத் தமிழ் எழுத்துக் கூட்டித்தான் வாசிக்க வரும். பரவாயில்லை. இந்தா, இந்தத் தாள்களை எடுத்துக்கொள், எனக்கு வாசித்துக் காட்டு, எங்கேயாவது விட்டிருந்தால் சொல்கிறேன். உன் அப்பா, அம்மா, சித்தி எல்லாரும் ஹாலில்தான் இருக்கிறார்கள். சத்தமாக வாசி. கதவைச் சாத்தாதே.